மரியஜானின் இடுப்புக் கயிறு

வாருங்கள். இனயம் கடற்கரையூரின் தேவாலய முற்றத்தில் நடக்கும் இந்த அநியாயத்துக்கு நீங்களும் சாட்சியாக நில்லுங்கள். துக்க மணி அடித்து ஓய்ந்துவிட்டது. குழியும் வெட்டியாகிவிட்டது. வளைகுடாவில் இறந்து பதினோரு நாள் கழித்து வந்த மரியஜானின் பெட்டி மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை. வண்டிக் கதவில் முதுகைச் சாய்த்தபடி, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜண்ட் செல்வதாஸ் ஒரு தாளை நீட்டினான்.

"கையெழுத்து போடு மக்கா. போட்டா இப்பமே இறக்கலாம்."

இறந்தவனின் மனைவி லீமா அதை வாங்கி வாசித்தாள். 'மேற்படி ஊழியர் அனுமதியின்றிப் பாய்மரத்தில் ஏறி, தம் கத்தியால் தம் இடுப்புக் கயிற்றையே அறுத்து, தம் கவனக்குறைவால் விழுந்து இறந்தார். படகில் யாதொரு பழுதும் இல்லை.'

மரியஜான் வேலை பார்த்தது ஒரு செல்வந்தனின் உல்லாசப் பாய்ப்படகில். அதன் முன்பாயை இறக்கிக் கட்டுவதில்லை. அடியிலுள்ள உருளையின் கயிற்றை 'விஞ்சு' என்ற சுழல்பொறியில் சுற்றி இழுத்தால், பாய்மரத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கும் முன்கம்பியைப் பாய் சுற்றித் தானே சுருண்டுகொள்ளும். அது சிக்கிய அன்று அவன் லீமாவிடம் போனில் பேசியிருந்தான்.

"ஏட்டி, உருளைய கழட்டிப் பாத்தாச்சு, கீழ ஒரு கொறையும் இல்ல. மேல, பாய ஏத்துத கயிறு கம்பியில சுத்திக் கெடக்கு. அத அவுக்காம விஞ்சுல இட்டு இழுத்தா ஏதாம் ஒண்ணு அறும். மொதலாளிக்கிட்ட பறஞ்சா கேக்கமாட்டேங்கான். விருந்தாளி வந்திருக்காவளாம்."

"கத்தி இருக்குல்லா? மேல கேறி அறுத்து விட்டுட்டு எறங்கும்."

"அடுத்தவனுக்க கயிறயா? பைத்தியாரி!" என்று சிரித்தான்.

பிறர் கயிற்றில் கத்தி வைத்தவனை இனயத்துக் கரையில் எந்த வள்ளத்திலும் ஏற்ற மாட்டார்கள். அந்த மானத்தை அவன் பாய்மர உச்சிக்கும் கொண்டு போனான். ஒரே வெட்டில் முடித்து இறங்கியிருக்க வேண்டியவன், சுற்றுச் சுற்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தான். பொறுக்க மாட்டாத முதலாளி கீழே விஞ்சைச் சுழற்றினான். பாயோடு சேர்ந்து, விழாமலிருக்க அவன் இடுப்பில் கட்டியிருந்த உயிர்க்கயிறும் கம்பியில் சுற்றி முறுகி அறுந்தது; அவன் விழுந்தான். உடன் வேலை பார்த்தவன் ஒருவன் லீமாவிடம் இவ்வளவும் சொல்லிவிட்டுப் போனை அணைத்துவிட்டான்.

லீமா, பெட்டியோடு வந்த பையைத் திறந்தாள். சட்டைகளுக்கு அடியில் இடுப்பு வார் கிடந்தது. அதில் அவன் போட்ட முடிச்சு; முடிச்சிலிருந்து ஒரு முழக் கயிறு. கிழிந்த வலை பொத்திப் பழகிய அவள் விரல்கள் நுனியைத் தடவின. கத்தி பட்ட நுனி ஒட்ட நறுக்கினாற்போல் இருக்கும். இது இழை இழையாகப் பிய்ந்து குஞ்சமாய் விரிந்திருந்தது.

"இது கத்தி பட்டதா? நீரே பாரும்."

"கயிறு பாத்துத் தீர்ப்பு பறய நீ என்ன ஜட்ஜா? வெயில் ஏறுகு. உள்ள கெடக்கது உனக்க மாப்பிள, ஐஸ் மீன் இல்ல."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தே விட்டான்.

மரியஜானின் தம்பி சஜின் முன்னால் வந்தான். "அண்ணன் வெயில்ல கெடக்கான் மைனி," என்றான். அவள் முகத்தைப் பாராமல், வண்டிக் கதவில் தாளை வைத்துக் கையெழுத்திட்டான்.

செல்வதாஸ் தாளை மடித்தான். "நல்ல பய. அந்தப் படகுல ஓராளு கொறவு. விசா ரெடி. வாற திங்களாச்ச கேறிக்கோ."

சஜின் தலை கவிழ்ந்தது. விஷயம் அவனுக்கு முன்பே தெரியும்.

லீமா கேட்டாள்: "அந்த மேல் கயிறச் சரியாக்கியாச்சா?"

"எதுக்கு? படகுல பழுது இல்லண்ணு இப்பம்தானே உனக்க கொழுந்தன் ஒப்பு போட்டான்!"

பெட்டி இறங்கியது. சுனாமிக்குப் பின் கட்டிய மதிலை ஒட்டி மரியஜானைப் புதைத்தார்கள். எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். லீமா போடவில்லை. கயிற்றைச் சஜினின் கையில் வைத்தாள். அவன் நுனியைப் பெருவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டுக் கால்சட்டைப் பையில் திணித்தான். குஞ்சம் உள்ளே போக மறுத்து, கடற்காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். செல்வதாஸின் வாசலுக்கு நடங்கள். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக் கிழியுங்கள்.