பாதி உயரக் கோடு

1

இந்தக் கதை ஒரு காகிதக் கப்பிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். தம்பிக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தண்ணீர் குடிக்கும் கூம்புக் கப் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். (கடவுளிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று.) அளந்தேன்: வாயின் ஆரம் மூன்றரை செ.மீ., உயரம் பன்னிரண்டு, சாய்வு பன்னிரண்டரை. பிரித்து விரித்தால் காகிதம் நூற்று முப்பத்தேழரை சதுர செ.மீ. கொள்ளளவு நூற்று ஐம்பத்து நான்கு மில்லி.

முதல் வரி இப்படி எழுதினேன்: ‘தாகம் என்பது மனிதனின் ஆதி...’ வேண்டாம். தாகமாக இருப்பவர் இப்படிப் பேச மாட்டார்.

2

பக்கத்துக் கட்டிலில் ஒரு தகர வேலைக்காரர். சிறுநீரகக் கோளாறு, தண்ணீருக்கு அளவு உண்டு. ஒரு நாளைக்கு எட்டு முறை, முறைக்கு அரைக் கப். முந்தின வாரம் பாசத்தில் ஒரு சொம்பு நிறையக் கொடுத்து டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர் மனைவி. இப்போது அந்த அம்மா கப்பின் நடு உயரத்தில் பேனாவால் கோடு போட்டு, அதுவரைதான் ஊற்றினார்.

“இன்னும் கொஞ்சம்...”

“ம்ஹூம். கோட்டைத் தாண்டினா டாக்டர் என் தோலை உரிச்சிருவாரு. நல்ல புள்ளையாட்டம் குடிங்க.”

[வாசகரே, பிசகு இங்கேதான். கூம்பு கீழே போகப் போகக் குறுகுகிறது. பாதி உயரம் ஊற்றினால் காகிதம் கால்வாசி நனையும். தண்ணீரோ அரைக்கால்தான், எட்டில் ஒரு பங்கு. எட்டு முறை குடித்தும் அவருக்கு நாள் முழுக்கக் கிடைத்தது ஒரே ஒரு கப்.]

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். முப்பது வருடம் தகரத்தில் புனல் செய்தவருக்குக் கூம்பைப் பற்றித் தெரியாதா? முதல் வாயிலேயே தெரிந்திருக்கும். பிறகு ஏன் நாக்கு வறளச் சும்மா இருந்தார்? காரணம் சொல்லி ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். இதை மட்டும் விட்டுவைக்கிறேன்: மாலையில் அந்த அம்மா நர்ஸிடம், “இன்னைக்கு ஒரு தப்பும் பண்ணல சிஸ்டர்” என்றபோது, தகர வேலைக்காரர் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

4

முதல் முடிவில் நர்ஸ் கண்டுபிடித்துத் திட்டினார். அந்த முடிவை அடித்துவிட்டேன், அந்த அம்மா வாங்கிய திட்டு போதும். இரண்டாவதில் நானே எழுந்துபோய்க் கணக்குச் சொன்னேன். என் கதையில் நானே நல்லவனாவது அழகில்லை.

மூன்றாவது, மறுநாள் காலை.

“ரெண்டு அரையையும் சேத்து ஒரே தடவையா குடு” என்றார் அவர்.

“அப்புறம் அடுத்த வேளைக்குக் கிடையாது, சொல்லிட்டேன்.”

அந்த அம்மா இன்னொரு கப்பிலும் அதே கோடு போட்டு, இரண்டிலும் கோடுவரை ஊற்றி, ஒன்றை மற்றதில் கவிழ்த்தார். தண்ணீர் கோட்டுக்கு மேல் ஒரு விரல் அகலம்தான் ஏறியது.

“ரெண்டு அரை சேந்தா முழுசா ஆகணுமே?”

“ஆகணும்.”

“ஐயோ... அப்போ நேத்தெல்லாம்...”

ஓடிப்போய் நர்ஸை அழைத்து வந்தார். நர்ஸ் ஊசிக்குழாயால் அளந்து ஊற்றி, ஒன்பதரை செ.மீ. உயரத்தில் புதுக் கோடு போட்டு, “இனிமே இதுதாம்மா அரை” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கப்பைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: “உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல? தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களா, மனுஷா?”

5

அவர் சொன்ன பதிலை நான் எழுதப்போவதில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவசரம் மட்டும் வேண்டாம்; முதலில் அவர் குடித்து முடிக்கட்டும்.