சுவரில் இரண்டு சகலைகள்

அவர் லிஃப்ட் விற்கும் கம்பெனியில் மேனேஜர். மனிதன் தன் காலால் மேலே ஏறக் கூடாது என்பதில்தான் அவருடைய சம்பளமே இருந்தது. அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காலில் இரவல் ஷூவோடு, செங்குத்தான ஒரு சுவருக்கு முன்னால் நின்றதற்குக் காரணம் சகலை.

சகலை, அதாவது அவர் மனைவியின் தங்கை கணவர், பல் டாக்டர். ஒரே மாமனாருக்கு இரண்டு மருமகன்கள் இருந்தால் ஆயுசு முழுக்க இரண்டு பேரும் தராசிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இவர் கார் மாற்றினால் அவர் வீட்டை இடித்துக் கட்டுவார். இவர் மகளைப் பாட்டு வகுப்பில் சேர்த்தால் அவர் மகனைக் குதிரை ஏற்றத்தில் சேர்ப்பார். இந்த வருடம் பல் டாக்டர் ஒரு பெரிய விளையாட்டு கிளப்பில் உறுப்பினராகி, சுவர் ஏறும் போட்டோ ஒன்றைக் குடும்ப வாட்ஸப்பில் போட்டார். முதுகு தெரிய, கை இரண்டையும் விரித்து, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றார். மாமனார் உடனே, "சபாஷ் மாப்பிள்ளை" என்று பதில் அனுப்பினார். பெரிய மருமகனுக்கு அவர் இதுவரை கட்டைவிரலைத் தவிர வேறெதையும் அனுப்பியதில்லை.

"நாமளும் ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வரலாமே. தங்கச்சி கூப்பிட்டுக்கிட்டே இருக்கா" என்றாள் மனைவி. பார்த்துவிட்டு வருவது என்றுதான் பேச்சு.

கிளப்பில் இல்லாதது இல்லை. நீச்சல் குளம், டென்னிஸ், நீராவி அறை, முடி வெட்டும் இடம், சட்டை தேய்க்கும் இடம் எல்லாம் இருந்தன. சும்மா படுத்துக் கிடக்க ஓர் அறை இருந்தது. அதன் கதவில் 'மீட்சிக் கூடம்' என்று எழுதியிருந்தார்கள். வரவேற்பில் நின்ற பெண்ணின் சட்டையில் 'விருந்தினர் அனுபவ அதிகாரி' என்ற அட்டை தொங்கியது.

"இன்னைக்கு உங்க நோக்கம் என்ன சார்?"

"சகலை கூப்பிட்டாரு."

அவள் கொஞ்சம் யோசித்து, 'உறவு மேம்பாடு' என்று கணினியில் தட்டிக்கொண்டாள்.

சுவர் இருந்த கூடம் கோயில் மண்டபம்போல உயரமாக இருந்தது. சுவர் முழுக்கக் கலர் கலராகப் பிடிமானக் கட்டைகள். கீழே தரை தெரியாமல் கனத்த மெத்தை. பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. ஷூ கடிக்கிறது என்று இவர் சொன்னதும், "அது கடிக்கணும் சார், அப்பதான் சரியான சைஸ்" என்றாள்.

"மஞ்சக் கட்டை மட்டும் பிடிச்சு ஏறுங்க, அதுதான் ரொம்ப ஈஸி. கயிறு கிடையாது, சுவரும் ரெண்டரை ஆள் உயரம்தான். இறங்க முடியலைன்னா கையை விட்டுடுங்க. முழங்காலை மடக்கி விழுந்து, அப்படியே முதுகால உருண்டுடணும். கையை மட்டும் ஊனாதீங்க."

இவர் அதைப் பாதிதான் காதில் வாங்கினார். பக்கத்தில் பல் டாக்டர் பிடி வழுக்காமலிருக்க முழங்கைவரை வெள்ளைப் பொடியைப் பூசிக்கொண்டு நின்ற தோரணையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களுக்கு வேண்டாம்ணே, பாத்தாப் போதும்" என்றார் பல் டாக்டர்.

அந்த வார்த்தைதான் வினை. மனைவி போனை நீட்டிப் படம் எடுக்க ஆரம்பித்ததும் இவர் மஞ்சள் கட்டையைப் பிடித்துவிட்டார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. உச்சிக் கட்டையைத் தொட்டதும் கீழே கைதட்டினார்கள். கைதட்டுவது யாரென்று குனிந்து பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

"என்னங்க, இறங்குங்க" என்றாள் மனைவி.

"இரு. அவசரம் என்ன?"

கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அனுபவ அதிகாரி ஓடி வந்தாள். "ஒருத்தர் மாட்டிக்கிட்டாராமே" என்று யாரோ கேட்டதற்கு, "எங்க கிளப்புல யாரும் மாட்டிக்க மாட்டாங்க. சார் உயரத்துல ஓய்வெடுக்கறாரு" என்று திருத்தினாள். உணவு ஆலோசகர் வந்து, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கீழிருந்து விசாரித்தார். யோகா சொல்லித் தருகிறவர், "மூச்சை விடுங்க சார்" என்றார்.

"அதை மட்டும்தான்யா விட்டுக்கிட்டிருக்கேன்" என்றார் இவர் சுவரைப் பார்த்தபடி.

"கையையும் விட்டுடுங்க சார்" என்றாள் பயிற்சிப் பெண். அது மட்டும் முடியாது என்று தலையை ஆட்டினார். அவள் பல் டாக்டரிடம் திரும்பினாள். "நீங்க மெம்பர்தானே சார்? பக்கத்துல ஏறிப் போய் எப்படி இறங்கறதுன்னு காட்டுங்களேன்."

பல் டாக்டர் தோள்பட்டை வலி என்று ஏதோ ஆரம்பித்தார். "போங்க, அத்தான் பாவம்ல" என்று அவர் மனைவி முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாள். அவர் ஏறினார். இவருக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார். அதோடு நின்றார்.

"காட்டு தம்பி" என்றார் இவர்.

"அண்ணே, மெதுவாப் பேசுங்க. நான் இவ்வளவு உயரம் ஏறினதே இல்ல."

"அப்ப அந்த போட்டோ?"

"கால் ரெண்டும் மெத்தையிலதான் இருந்துச்சு. கீழ்ப்பக்கம் வெட்டிட்டேன்."

இவருக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. "எதுக்குப்பா இதெல்லாம்?" என்றார்.

"மாமா என்னைப் பாத்தாலே உங்க புராணம்தான். பெரியவர் எவ்வளவு நிதானம், எவ்வளவு பொறுப்புன்னு."

"என்னைப் பத்தியா? என்கிட்ட உன்னைப் பத்தித்தானே சொல்வாரு. சின்னவர் துடிப்பு, துணிச்சல்னு."

மாமனார் இத்தனை வருடங்களாக இரண்டு பேருக்கும் தராசின் எதிர்ப்பக்கத் தட்டைத்தான் காட்டியிருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது.

"மேல என்ன ரகசியம்?" என்று அக்காவும் தங்கையும் கேட்டார்கள். இருவர் கையிலும் பழச்சாறு இருந்தது.

"டெக்னிக் பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் பல் டாக்டர்.

அடுத்த குழு வந்து ஷூ மாட்ட ஆரம்பித்தது. உறுப்பினர்கள் விரும்பினால் கூடுதல் நேரம் வாங்கிக்கொள்ளலாம் என்று அனுபவ அதிகாரி பணிவோடு தெரிவித்தாள். இவருடைய விரல்கள் மரத்துப்போய், ஒவ்வொன்றாகத் தானே கழன்றுகொண்டிருந்தன. தானாக விழுவதற்குப் பதில் நாமே விழுந்துவிடுவோம் என்று நினைத்தார். கண்ணை மூடிக் கையை விட்டார்.

தொப்பென்று ஒரு சத்தம். மல்லாந்து கிடந்தார். எதுவும் உடையவில்லை. மூக்குக் கண்ணாடிகூட மூக்கிலேயே இருந்தது. எங்கேயோ பல வருடமாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தது அவிழ்ந்த மாதிரி உடம்பு லேசாக இருந்தது. அப்படியே சிரித்தார். மனைவி பயந்து பக்கத்தில் வந்து பார்த்தாள்.

"தம்பி" என்றார் மேலே பார்த்து. "முழங்காலை மடக்கிக்கிட்டு விட்டுடு. ஒண்ணும் ஆகாது. நான் கீழதான் இருக்கேன்."

பல் டாக்டர் கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டு விழுந்தார்.

செவ்வாய்க்கிழமை இவர் ஆபீசில் வாடிக்கையாளரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு நேராக கிளப்புக்குப் போய் விருந்தினர் கட்டணம் கட்டினார். சுவரில் பாதி உயரம் ஏறினார், கையை விட்டார், விழுந்தார். எழுந்து மறுபடி பாதி ஏறி, மறுபடி விழுந்தார்.

"உச்சி வரைக்கும் போகலையா சார்?" என்றாள் பயிற்சிப் பெண்.

"இல்லம்மா. இன்னைக்கு விழறதுக்குத்தான் வந்தேன்."

அவள் கையால் மெத்தையின் மறுகோடியைக் காட்டினாள். அங்கே பல் டாக்டர் கைகால் பரப்பிக் கூரையைப் பார்த்துக் கிடந்தார். கிளினிக்கில் என்ன பொய் சொல்லிவிட்டு வந்தாரோ தெரியாது. இவரைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து படுத்து இடம் விட்டார்.