பூவில் விழுந்த விதை

என் கணவரின் வலது கையை அண்ணன் மேசைமேல் இழுத்துவைத்தபோது, நான் கடைசிக் கஞ்சாப் பூவைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலும் விதை.

விதை வந்தால் குடியா முழுகிப்போகும் என்று கேட்பீர்கள். எங்கள் பிழைப்பில் முழுகும். இந்தச் செடியில் ஆண் தனி, பெண் தனி. வேர் தண்ணீர் இழுக்கும், இலை வெளிச்சத்தில் சமைக்கும், தண்டு சுமக்கும். வியாபாரம் மட்டும் பெண் பூவில். அதில் நரைமுடி மாதிரி வெள்ளை இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும், மகரந்தம் பிடிக்க. அது கிடைக்காதவரை பூ பருத்துக்கொண்டே போகும், மேலே பிசின் முத்துமுத்தாகக் கட்டும். போதை அந்தப் பிசினில்தான். மகரந்தம் பட்டுவிட்டாலோ பூவுக்குப் பிள்ளை நினைப்பு வந்துவிடும். பிசினை மறந்து விதை கட்ட ஆரம்பித்துவிடும்.

கணுவில் சின்ன உருண்டைகள் தெரிந்தால் அது ஆண். பார்த்துப் பிடுங்க வேண்டியது என் கணவர். அதனால்தான் அவர் உதடு கிழிந்திருந்தது, ஒரு கண் மூடிவிட்டது.

"கண்ணு பொடனியிலயா இருக்கு உனக்கு? ஒரு ஆண் செடிய விட்டுட்டியேடா!" அண்ணன் மறுபடியும் அறைந்தான்.

"சத்தியமா ஒண்ணுகூட விடல மச்சான்."

சுவரில் சாய்ந்து நின்ற கூட்டாளியை நாங்கள் பல்டாக்டர் என்போம். படித்து வாங்கிய பட்டமில்லை. "பேச்சு எதுக்கு? வேலையக் கெடுத்தவன் கை உடையணும். நீ போட்ட சட்டம்தானே?" என்று இரும்புக் கம்பியை அண்ணனிடம் நீட்டினார்.

விளக்கு வைத்துச் செடி வளர்க்கிற அந்த அறையின் கதவோரம் இருந்த செடியிடம் ஓடி, பூக்களை விலக்கிப் பார்த்தேன். நினைத்தது சரி. பெண் பூவுக்கு உள்ளேயே மஞ்சள் நிறத்தில் மகரந்தப் பைகள் தொங்கின. இருட்டில் தூங்கவேண்டிய நேரத்தில் வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால், பெண் செடி மிரண்டுபோய்த் தானே ஆண் பையும் விடும். அந்த நேரத்தில் கதவைத் திறந்து, டார்ச் அடித்து, சிநேகிதர்களுக்குத் தோட்டம் காட்டிப் பீற்றிக்கொண்டது அண்ணன். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை.

திரும்பினால் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. அம்மா போனபிறகு என்னைத் தூக்கி வளர்த்தவன் அவன். அவன் கம்பியை ஓங்கினான்.

"அவர் இல்ல! டார்ச் அடிச்சுக் கெடுத்தது நீதான்ணா!"

கிளையை ஒடித்துப் பல்டாக்டரிடம் காட்டினேன். பையை நசுக்கியதும் அவர் விரலில் மஞ்சள் தூள் ஒட்டியது. அவர் கிளையைக் கீழே எறிந்தார். அண்ணன் தாடையில் ஒரு குத்து விட்டு, சட்டையைப் பிடித்து அழுத்தி, அவன் வலது கையை மேசையில் பரப்பினார். கம்பியை என் கணவரிடம் கொடுத்தார்.

"நீயே அடி."

பூச்சியைக்கூட ஊதித்தான் விரட்டுவார் என் கணவர். கீழே போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஓங்கி அடித்தார். எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. "தங்கச்சி, விடச் சொல்லும்மா!" என்று அண்ணன் அலறினான்.

"போதுங்க, விட்டுடுங்க!" கணவரின் தோளைப் பிடித்து இழுத்தேன். என்னை உதறித் தள்ளிவிட்டு மறுபடியும் அடித்தார், மறுபடியும். விரல்கள் எந்தப் பக்கம் மடங்கியிருக்கின்றன என்றே தெரியவில்லை.

"யோவ், போதும்யா" என்றார் பல்டாக்டரே.

என் கணவர் வாயில் வழிந்த ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். பிறகு அண்ணனின் இடது கையை எடுத்து மேசைமேல் வைத்தார்.