கன்னியின் சிற்றாடை

நெடுந்தொலைவு நடந்து களைத்த அடையாறு கடலின் மடியில் தலைசாய்க்கும் கழிமுகத்தினின்று எழுந்த உவர்க்காற்று, தைத் திங்களின் முன்பனியைக் கலைத்து, மணல்மேட்டுத் தாழைகளை அசைத்து, காந்தி நகரின் அகன்ற தெருக்களுக்குள் புகுந்து, புதுச்சுண்ணம் மணக்கும் இல்லங்களின் சாளரந்தோறும் நுழைந்து விளையாடிய மாலைப்பொழுது அது. மேற்கே பனைகளின் பின்னால் கதிரவன் சரிந்துகொண்டிருந்தான். தெற்கே திருவான்மியூர்ப் பக்கமிருந்து மேய்ந்து திரும்பிய எருமைகள், பேருந்தின் ஊதொலியைச் சற்றும் பொருட்படுத்தாது நடுச்சாலையில் நடந்துகொண்டிருந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டு; சென்னை தெற்கு நோக்கி நீளத் தொடங்கிய காலம். நகரின் நெரிசலை விட்டு இங்கே வந்து வீடு கட்டியோர், நாகரிகத்தையே தாங்கள்தாம் கண்டுபிடித்ததுபோல நடந்துகொண்டனர் என்றால், பண்புடை நெஞ்சத்தீர், அதை மிகை என்று தள்ளிவிடாதீர்.

அத்தகைய இல்லம் ஒன்றின் முன்னறையில், ஏழு திங்கள் நிறைந்த சூலின் சுமையைப் பிரம்பு நாற்காலியில் இறக்கி வைத்துவிட்டு, தன் கைவண்ணத்தைத் தானே கண்டு மகிழ்ந்துகொண்டிருந்தாள் சண்முகவடிவு. தியாகராய நகரில் துணிக்கடை நடத்தும் நெல்லைச் சீமைக் குடும்பத்தின் இளைய மருமகள் அவள். கடைக்குப் பின்புறத்துக் கூட்டுக்குடும்ப வீட்டில், மூட்டைகளுக்கும் பெட்டிகளுக்கும் இடையே எட்டு ஆண்டுகள் ஒடுங்கிக் கிடந்தவளுக்குக் கார்த்திகையில்தான் இத்தனி வீடு வாய்த்தது. வாய்த்ததும் அவள் கைகள் சும்மா இருக்கவில்லை. பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டாள்; பாயசம் காய்ச்சிய வெண்கல உருளியில் நீர் நிரப்பிச் செவ்வரளி மிதக்கவிட்டாள்; கடலை நோக்கிய பெருஞ்சாளரத்துக்குக் கத்தரிப்பூ நிறப் பட்டில் இரு திரைகள் தைப்பித்துப் பத்து நாள்களுக்கு முன்னர்த் தொங்கவிட்டாள். காற்றில் அத்திரைகள் விரிந்து மடங்கும்போதெல்லாம் அறையே மூச்சு விடுவதாகத் தோன்றும். "இத எங்கேடீ பிடிச்சே? நேக்கும் இதே மாதிரி வேணும்," என்று அடுத்த வீட்டு நீரஜா நாளுக்கு ஒருமுறை வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள்.

அந்நேரத்தில்தான் அவள் கணவன் சிதம்பரநாதன், மயிலைக் குளக்கரையில் வாங்கிய புதிய பனையோலைப் பெட்டி ஒன்றைக் கையில் ஏந்தியவனாய் உள்ளே வந்தான்.

"வடிவு, நாளன்னைக்குத் தைக் கடைசி வெள்ளி. அம்மா காலைலயே வந்திருவாங்க. வீடு மாறுன அன்னைக்கு மழையில பழைய பெட்டி நைஞ்சு போச்சுல்லா, அதான் புதுசு வாங்கிட்டேன். அக்கா சிற்றாடைய எடுத்து இதுல வெச்சிரு."

"எந்தச் சிற்றாடைங்க?"

"கன்னிப் பட்டு! பழைய பெட்டிலேர்ந்து எடுத்து, காய வெச்சு, வெள்ளத் துண்டுல சுத்தி, பெரிய பெட்டில கடைத்துணிக்கு மேல வெச்சேனே. கத்தரிப்பூக் கலரு. சொல்லலியா நான்?"

சொல்லவில்லை. பட்டுக்கு விலை கூறுவதில் ஊரையே வெல்லும் அந்த நாவன்மையாளர், வீட்டில் கூற வேண்டிய ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிட்டார். கடைக்காரர் வீட்டு வழக்கத்தை நீவிர் அறிவீர். விற்காத துணியும் வெட்டுத்துணியும் வீட்டுக்கே வந்து சேரும். தலையணை உறையும் சாளரத் திரையும் அவற்றாலேயே ஆகும். பொங்கலுக்கு வீட்டைத் துப்புரவு செய்தபோது, கடைத்துணிக் குவியலின் மேலிருந்த பட்டையும் மிச்சத்துணி என்றே எண்ணித் தையற்காரரிடம் தந்தாள் சண்முகவடிவு. அவள் பார்வை தன்னையறியாமல் சாளரத்தின்பால் ஓடியது. கணவனோ, பத்து நாளாய் அதன் எதிரே அமர்ந்து காப்பி குடித்தும், அதைக் கண்டதே இல்லை.

"உள்ள பத்திரமா இருக்கு," என்றாள். அப்பொய்யை அவள் சொல்லவில்லை, அச்சம் சொல்லிற்று.

அக்குடும்பத்தின் கன்னி யார் என்பதை ஈண்டு உரைத்தல் வேண்டும். மாமியார் சுப்பம்மாவின் தலைமகள் புஷ்பம், பத்து அகவையில், மூன்று நாள் காய்ச்சலில் மாண்டவள். சிதம்பரநாதன் பிறப்பதற்கு மூன்று ஆண்டு முன்னர் நிகழ்ந்தது அது. தீபாவளிக்கென எடுத்த பட்டுச் சிற்றாடையை உடுத்தாமலே போனாள். மணமாகாது மறைந்த பெண் வீட்டைக் காக்கும் தெய்வமாவாள் என்பதும், அவள் ஆடையை ஓலைப்பெட்டியில் வைத்துக் கடைசித் தம்பியின் இல்லத்தில் போற்றவேண்டும் என்பதும், ஆண்டுக்கு ஒருமுறை விரித்து விளக்குக்குக் காட்டி மடிக்க வேண்டும் என்பதும் அக்குடியின் முறை. கூட்டுக்குடும்ப வீட்டில் சுப்பம்மாவே அதைச் செய்துவந்ததால், மருமகள் பெட்டியைக் கண்டிருந்தாளேயன்றி ஆடையை அருகில் கண்டதில்லை. அவ்வாடையில் இரும்பு பட்டால், அவ்வீட்டுக் கருவைக் கன்னி கேட்பாள் என்றும் சொல்லி வைத்திருந்தனர். சண்முகவடிவோ முன்னரே இரு கருவை இழந்தவள். இது மூன்றாவது.

அன்று தொடங்கிய நடுக்கம் அவளை விடவில்லை. முன்பெல்லாம் வயிற்றுப் பிள்ளை புரண்டால் தனக்குள் சிரித்துக்கொள்வாள். இப்போது ஒவ்வொரு புரளலையும் யாரோ கை நீட்டி அதனைப் பற்றியிழுப்பதாகவே எண்ணி, அடிவயிற்றை இரு கையாலும் அணைத்துக்கொண்டாள். திரை படபடத்தால் நெஞ்சு பதறிற்று. திரை அசையாது நின்றால் அதனினும் பதறிற்று. பாவாடை தடுக்க ஒரு சிறுமி அறைக்குள் நடந்து செல்வதாகத் தோன்றித் திரும்பினால், காற்றில் உருண்ட காகிதமாக இருக்கும். கத்தரிக்காய் நறுக்க அரிவாள்மணையில் அமர்ந்தவள், இரும்பைக் கண்டதும் எழுந்துவிட்டாள். அன்றைக்கு வீட்டில் மோரும் ஊறுகாயுந்தான்.

மறுநாட்காலை, கணவன் கடைக்குச் சென்றதும், திரைகள் இரண்டையும் கழற்றிப் பையிலிட்டுத் திருவல்லிக்கேணிக்குப் பேருந்து ஏறினாள். பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னே, இரு ஆள் சேர்ந்து நடக்க இயலாத சந்தில் இருந்தது கலீமுல்லாவின் தையலகம். அக்குடும்பத்துக்கு இருபது ஆண்டாகத் தைத்துக் கொடுப்பவர். மீசையில்லாத தாடியும், காதில் செருகிய சுண்ணக் கட்டியுமாய், தையற்பொறியின் மிதியிலிருந்து காலை எடுத்து எழுந்து நின்றார்.

"இன்னாமா, இந்த நெலமைல பஸ் ஏறி வந்துக்கினு? சொல்லி அனுப்ச்சா நான் வர மாட்டனா? குந்தும்மா மொதல்ல. திரைல இன்னா, நீளம் பத்தலியா?"

"பாய், இது ரெண்டையும் பழையபடி ஒண்ணாக்கணும். வெட்டுனதே தெரியக் கூடாது."

கலீமுல்லா பட்டை விரித்துப் பார்த்தார். நல்லவேளையாக அவர் கஞ்சமாகக் கத்தரிப்பவர். நடுவே ஒரே வெட்டு. ஓரங்களை மடித்தே அடித்திருந்தார். "சேக்கலாம்மா. தெரியாம சேக்க முடியாது. பட்டாச்சே, தழும்பு போவாது. இன்னாத்துக்கு இப்போ?"

அவ்வளவு நேரம் அடக்கி வைத்தது உடைந்துவிட்டது. ஊசியும் நூலும் சிதறிக் கிடந்த அந்தப் பலகையைப் பற்றிக்கொண்டு, விம்மலுக்கிடையே அனைத்தையும் கூறினாள். கேட்கக் கேட்கக் கலீமுல்லாவின் முகமும் வெளுத்தது. கத்தரிக்கோலைத் தூக்கி வேறு துணிக்கு அடியில் மறைத்து வைத்தார், அது கேட்டுக்கொண்டிருப்பது போல.

"யா அல்லா. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டேனே." பட்டை மடிமேல் இழுத்துக்கொண்டு சொன்னார்: "அம்மா, கத்திரி வெச்சது நான். எந்தத் துணியானாலும் பிஸ்மில்லா சொல்லாம வெக்க மாட்டேன், இதுக்கும் சொல்லித்தான் வெச்சேன். கெட்ட எண்ணம் இல்ல, உனக்கும் இல்ல. அந்தப் பொண்ணாண்ட அத சொல்லு. கோவம் இருந்தா எம்மேல வெச்சுக்கட்டும், எனக்கு வயசாயிடுச்சு."

இவ்வளவு பெரிய மனத்தோடு தன் தலையை நீட்டிய அவர், பொறியைத் தொடாமல், கையாலேயே, மயிரிழை போன்ற நூலெடுத்து நண்பகல் தொழுகை அழைப்பு வரையில் தைத்தார். பட்டு ஒன்றாயிற்று. நடுவே நெடுகிலும் ஒரு மெல்லிய வரம்பு மட்டும், விரல் வைத்தால் நெருடியது.

வெள்ளியும் விடிந்தது. குளித்த ஈரத்தலையுடன் அடுப்பில் சருக்கரைப் பொங்கலைக் கிளறிக்கொண்டிருந்த சண்முகவடிவின் செவியில், மகிழுந்தின் கதவு சாத்தும் ஒலி இடியாக விழுந்தது. அறுபது கடந்தும் நிமிர்ந்த நடையும், பாம்படம் கழற்றிய நீள்செவியும், வெண்ணீறு துலங்கும் நெற்றியுமாக வந்த சுப்பம்மா, முன்னறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னளா, உருளில பூவ மெதக்க விட்டிருக்க? நல்லாத்தான் இருக்கு. பாயசத்துக்கு என்ன செய்யிறது?" என்றவள் மருமகளின் முகத்தைக் கண்டு நின்றாள். "மூஞ்சி ஏன் இப்பிடி வத்திக் கெடக்கு? ஒழுங்காச் சாப்பிடுதியா?"

"சாப்பிடுதேன் அத்தை."

அடுக்களையை ஒட்டிய சிற்றறையில் குத்துவிளக்கு எரிந்தது. இலையில் பொங்கலும், கண்ணாடி வளையலும், மையும், மரச்சீப்பும், பத்து அகவைச் சிறுமிக்கு வேண்டிய அனைத்தும் வரிசையாய் இருந்தன. சிதம்பரநாதன் கைகட்டி நின்றான். சுப்பம்மா ஓலைப்பெட்டியைத் திறந்து, மடிப்பின் உட்புறம் தையல் மறையுமாறு சண்முகவடிவு மடித்து வைத்திருந்த பட்டை எடுத்து, இரு கையாலும் உதறி விளக்கின்முன் விரித்தாள். வரம்பு நெடுகத் தெரிந்தது. முதியவளின் கட்டைவிரல் அதன்மேல் சென்று, நின்று, மறுபடி சென்றது. மருமகளின் வயிற்றில் பிள்ளை ஒருமுறை பலமாகப் புரண்டது. முடிந்தது என்றே அவள் எண்ணினாள்.

"ஏல சிதம்பரம்," என்றாள் சுப்பம்மா, பட்டிலிருந்து கண்ணெடுக்காமல். "பிச்சிப்பூ எங்க? வெறும் அரளிய வெச்சிருக்கிய. போயி வாங்கிட்டு வா. கதவச் சாத்திட்டுப் போ."

கதவு சாத்தியதும் சண்முகவடிவு மாமியாரின் காலடியில் சரிந்தாள். "அத்தை, தெரியாமச் செஞ்சிட்டேன். கடைத்துணின்னு நெனச்சி ஜன்னலுக்குத் தெச்சுப் போட்டுட்டேன். என்னைய என்ன வேணாலும் செய்யுங்க. பிள்ளைய மட்டும் விட்டுரச் சொல்லுங்க. இதையும் கேட்டா நான் உயிரோட இருக்க மாட்டேன்."

சுப்பம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் அமர்ந்து, மருமகளை நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"ஏட்டி, நான் சொல்லுததக் கேளு. இத இன்னைய வரைக்கும் ஒரு ஈ காக்காய்க்குச் சொன்னதில்ல. இது புஷ்பத்துப் பட்டு இல்ல."

சண்முகவடிவு தோளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அவ பட்டக் கறையான் தின்னுட்டு. பெட்டியத் தெறந்தா உள்ள மண்ணுதான் இருந்து. எங்கிட்டதான் காக்கக் குடுத்தாங்க, நான் பாக்காம விட்டுட்டேன். எம் மாமியாகாரி தெரிஞ்சா கொன்னுருவா. மறுநாளே நம்ம கடைலேர்ந்து இதே கலருல ஒண்ண மடில சுருட்டி எடுத்துட்டு வந்து வெச்சேன். கரை வேற, கட்டம் வேற. உங்க மாமா பொழுதன்னைக்கும் பட்டு மடிச்ச மனுசன், அவருக்கே தெரியல. அப்போ எனக்கு ஏழு மாசம்."

"யாரு அத்தை வயித்துல?"

"இந்தா, பூ வாங்கப் போயிருக்கானே, அவந்தான்."

இதைக் கேட்டதும் சண்முகவடிவின் வாயினின்று அழுகையும் சிரிப்பும் ஒருங்கே வெளிப்பட்டன. வெட்டியதற்கே தண்டனை உண்டென்றால், மண்ணாக்கியதற்கு எத்துணை பெருந்தண்டனை வந்திருக்க வேண்டும்! வந்தவனோ நாலு வேளை உண்டு, குறட்டை விட்டு, மனைவியிடம் சொல்ல வேண்டியதை மறக்கும் நலத்தோடு முப்பது ஆண்டு வாழ்ந்துகொண்டிருந்தான். ஆயினும் முதியவள் சிரிக்கவில்லை.

"அவன் பொறக்குற வரைக்கும் நான் தூங்கல. பொறந்த பொறவும் அவனுக்கு ஒரு தும்மல் வந்தா, அவ வந்துட்டா, வந்துட்டான்னு கெடப்பேன். வருசா வருசம் இந்தப் பெட்டியத் தெறக்கும்போது கையி நடுங்கும். முப்பது வருசம் ஆச்சு தாயி. பயந்து பயந்து, அவ எம்மவங்கிறதே மறந்து போச்சு." பட்டை மடியில் இட்டுக்கொண்டாள். "பத்து வயசுப் புள்ள. கோழிக்குஞ்சு செத்ததுக்கு ரெண்டு நாளு சோறு திங்கல அவ. அவளா தம்பி புள்ளையக் கேப்பா? பெத்தவ நானே அவளப் பேயாக்கி வெச்சிருந்தேனே!"

முப்பது ஆண்டாகத் தெய்வத்துக்குப் படைத்தவள், அன்றுதான் மகளுக்காக வாய்விட்டு அழுதாள். மருமகள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பொங்கல் ஆறியது, விளக்கில் நெய் குறைந்தது, எவரும் எழவில்லை. புஷ்பத்துக்கு முன்பல் சற்றே தெற்றியிருக்கும் என்றும், பனங்கற்கண்டு திருடித் தின்பாள் என்றும், இன்னொரு தம்பி வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள் என்றும் ஒவ்வொன்றாய்ச் சொன்னாள் சுப்பம்மா. சண்முகவடிவு வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. "அம்மா, பூ வாங்கியாச்சு. நல்ல நேரம் முடியப் போகுது. உள்ள என்ன செய்யிறீங்க?"

சுப்பம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இருல," என்றாள். "உங்க அக்காவப் பத்திப் பேசிட்டிருக்கோம்."