பழவங்காடியில் நிறம் மாறிய திருநீறு

1998 ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பழவங்காடியில் மழையில் நின்றவர்களின் நெற்றியெல்லாம் நீலமாகவும் அடுப்படியில் நின்றவர்களின் நெற்றியெல்லாம் சிவப்பாகவும் மாறின. குடையில்லாமல் வந்த பால்காரருக்கு நாவல்பழ நிறம். இட்லிக்கடைப் பொன்செல்விக்கு நல்ல செவ்வரளி.

காரணம் மளிகைக்கடைத் தாணுலிங்கம். அவர் மகள் அஜிதா ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணுக்கே தெரியாத உணரிகளைப் பொடியாகச் செய்துவந்தாள். ஒட்டிய இடம் குளிர்ந்தால் நீலம், வெதுவெதுப்பென்றால் பச்சை, சூடென்றால் சிவப்பு. பரிசோதனைக்கு முந்தைய நாள், பரீட்சைக்குப் போகும் பேனாவை வைப்பதுபோல, அந்தப் பொடிப் பொட்டலத்தைக் கடைப் பிள்ளையார் படத்தின் முன் வைத்தாள். அப்பா அதைப் பிரித்து, வருகிறவர்கள் பூசிக்கொள்ளும் திருநீற்றுக் கிண்ணத்தில் கொட்டிவிட்டார். "பிள்ளையாருக்கு முன்னால இருந்தா அது திருநீறுதானே மோளே?" என்று அவளையே கேட்டார். அவள் அழுது ஓய்ந்தாள். பூசியது கழுவினாலும் போகவில்லை, அள்ள அள்ளக் கிண்ணமும் குறையவில்லை. நெற்றியைப் பார்த்தே காய்ச்சல்காரப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் பொன்செல்வியின் கணவன் உச்சிமாகாளி, வேலை பார்த்த ஐஸ் கம்பெனியின் குளிர் அறையில் இரவு முழுக்க மாட்டிக்கொண்டான். காலையில் விறைத்துக் கிடந்தவனுக்கு நாடி இல்லை என்று கம்பவுண்டர் கைவிரித்தார். வீட்டு வாசலில் கிடத்தினார்கள். பொன்செல்வி அந்தக் கிண்ணத்தை வாங்கிவந்து, கடைசியாகச் செய்ய வேண்டியதென்று உடம்பெல்லாம் பூசினாள். உச்சி முதல் பாதம் வரை நீலம். இடது மார்பில் மட்டும் புளியங்கொட்டை அளவுக்குப் பச்சை.

"தூக்காதீங்க! இந்தா பாருங்க, இங்கன சூடு கெடக்கு!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே ஓடிவந்தது.

"கையக் காலத் தேய்க்காதீங்க, நெஞ்சுக்கு மட்டும் ஒத்தடம் குடுங்க!" என்று அஜிதா கத்தினாள். இட்லித் துணிகள் ஆவியோடு வந்தன. திருநீறு ஒட்டி உள்ளங்கை சிவந்தவர்களெல்லாம் வரிசையில் நின்று அவன் நெஞ்சில் கைவைத்தார்கள். பச்சை உள்ளங்கையளவு ஆனது, நடுவில் சிவந்தது. நிறம் மேலே ஏற ஏற, உலகக்கோப்பைப் பந்தாட்டம் பார்ப்பதுபோல, "தோளு கடந்நு! கழுத்து! கழுத்து!" என்று ஆளாளுக்கு அலறினார்கள். என்ன ஒரு ஆனந்தம்! தாணுலிங்கம் துண்டைச் சுழற்றிக் குதித்தார்.

உச்சிமாகாளி கண் திறந்து, "இப்பம் என்னத்துக்கு இந்தக் கூப்பாடு?" என்றான். பொன்செல்வி அவனை ஓங்கி ஓர் அறை விட்டுவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு பால் விடாத கட்டன்சாயா சூடாகக் கொடுத்தாள். சாயா தொண்டையில் இறங்குவது வெளியே சிவப்புக் கோடாகத் தெரிந்தது. அது வயிறு போய்ச் சேரும்வரை எல்லோரும் நின்று பார்த்தார்கள். பின்பு, நேரமாகிவிட்டதென்று கடை திறக்கப் போனார்கள்.