கறுப்பு பாட்டில்

ஷாம்பூ பாட்டில்களுக்கு உருவம் வரைவது அவள் வேலை. வரைந்தவற்றிலேயே அந்தக் கறுப்பு பாட்டில்மேல்தான் அவளுக்கு உயிர். மழையில் நனைந்த கூழாங்கல் போலிருக்கும். கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. கடைகளில் சக்கைப்போடு போட்டது.

ஒரு மத்தியானம், நாத்தனார் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க, நாத்தனார் வேலை செய்யும் குப்பை பிரிக்கும் கொட்டகைக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் கால்கள் நின்றுவிட்டன. கூரை ஓட்டைகள் வழியே வெயில் இறங்க, பச்சையும் நீலமும் வெள்ளையுமாக பாட்டில்கள் பெல்ட்டில் மிதந்து வந்தன. வகை பிரிக்கும் மெஷினின் விளக்கைத் தாண்டியதும் காற்று ஊத, ஒவ்வொன்றும் துள்ளித் தன் தன் தொட்டியில் விழுந்தது. தூக்கத்தில் நடப்பவள்போல அவற்றின் கூடவே நடந்தாள்.

பெல்ட் முடியும் இடத்தில் ஒரு குவியல். அத்தனையும் அவளுடைய கூழாங்கற்கள்.

"அதுங்க மெஷின் கண்ணுக்குத் தெரியாது அண்ணி," என்றாள் நாத்தனார். "கறுப்பு வெளிச்சத்தை அப்படியே முழுங்கிடுது. எல்லாம் எரிக்கத்தான் போகுது."

"கையால பொறுக்க முடியாதா?"

"பொறுக்கலாமே, இன்னும் எட்டு கை குடுங்க! எந்த மகராசன் வரைஞ்சானோ, அவனை ஒரு நாள் இங்க நிக்க வைக்கணும்."

"மகராசன் இல்ல. நான்தான்."

நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவள் தோளைத் தொட்டு, "அப்ப நல்லதாப் போச்சு. நீங்களே மாத்திடுங்க," என்றாள்.

அன்று முழுக்க அவளுக்குக் கண்ணை மூடினாலும் பெல்ட் ஓடியது. மறுநாள் நிறத்தை மாற்றலாம் என்று அவள் சொன்னதும் மேனேஜர் தாம்தூம் என்று குதித்தார். "கறுப்பு போனா மவுசே போயிடும்மா!" அவள் வாதாடவில்லை, அவரைக் கொட்டகைக்கு அழைத்துப்போய் அந்தக் குவியலின் முன் நிறுத்தினாள். மனிதர் ஒரு பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு, "சரி, மாத்திடும்மா," என்றார்.

நான்கு மாதம் கழித்துப் புது பாட்டில் வந்தது. நிறமே இல்லை, தண்ணீரில் ஊறினாலே லேபிள் உரிந்துவிடும். விற்பனை கொஞ்சம் குறைந்தது. அவளுக்கும் பழைய பாட்டிலை நினைத்தால் ஏக்கம்தான். ஆனால் கொட்டகையில் புதியது மெஷின் விளக்கடியில் வந்து, தண்ணீர்த்துளி போல மின்னி, எகிறி விழுந்தபோது, தன்னையே யாரோ மெல்லத் தூக்கிவிட்டதுபோல் இருந்தது.

"எல்லாம் சரி அண்ணி," என்று நாத்தனார் அந்தப் பாட்டிலின் பம்ப் மூடி ஒன்றை நீட்டினாள். "இதுக்குள்ள இருக்கற இரும்புக் கம்பிச் சுருள்தான் பிளாஸ்டிக்கோட கலந்து இன்னும் உயிரை வாங்குது."

அவள் அதை வாங்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.