கல்யாணத்துக்கு வந்த அட்டை முகம்

அயர்லாந்தில் ஒரு முதியோர் வார்டில் காலை வேலையில் நின்றிருந்த நர்ஸ் ஜினி, அதே நேரத்தில் குன்னத்துகாலில் தன் தங்கை ஷிஜாவின் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, போளியும் பாயசமும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை என்பதும் உண்மைதான்.

எல்லாம் அவள் கணவன் சஜன் செய்த வேலை. பாறசாலையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருப்பவன். மூத்தவள் வரமாட்டாள் என்று தெரிந்த நாள்முதல் ஜினியின் அம்மா சத்தியபாய் மகளோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஜினி கூப்பிட்டால் போனை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போய்விடுவாள். குடும்பப் படத்திலாவது ஜினி நிற்கட்டும் என்று சஜன் நினைத்தான். அவள் முகத்தைக் கணினியில் சிறுசிறு முக்கோணங்களாகப் பிரித்து, ஷிஜாவின் பத்திரிகைக்கு வாங்கியதில் மிஞ்சிய தடித்த அட்டையில் அச்செடுத்தான். மை தீர்ந்த பேனாவால் மடிப்புக் கோடுகளை அழுத்திக் கீறி, கன்னத்தை வெளிப்பக்கமும் கண்குழியை உள்பக்கமும் மடித்து, ஓரங்களுக்குப் பசை தடவி, காயும்வரை துணிக் கிளிப் மாட்டி வைத்தான். மூக்கு மட்டும் அமையவில்லை. முதல் மூக்கு மாமியாருடையதாக வந்தது. அடுத்தது குடும்பத்தில் யாருக்கும் இல்லாத மூக்கு. மூன்றாவதை ஒட்டியதும் முகமூடி தும்மியது. பசை வாடை ஜினிக்கு ஒருநாளும் ஆகாது என்பதால் சஜன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அளவு பார்க்க அவன் தலைதான் கையருகே இருந்தது. அதனால் கல்யாண மண்டபத்தில் அவனே அதை மாட்டிக்கொண்டு மணமக்களுக்குப் பக்கத்தில் நின்றான். அட்டைப் புருவம் உயர்ந்தது. உதடு பிரிந்தது. வந்தது ஜினியின் குரல்.

"அம்மா, பச்ச சாரியில்லா எடுக்கச் சொன்னேன். இந்த மஞ்சள ஆரு எடுத்தது?"

சத்தியபாய் உடுத்திருந்த அந்தப் புடவை அவளே தேர்ந்தெடுத்தது. பதில் சொல்லாமல் விட அவளால் முடியவில்லை. "நானாக்கும் எடுத்தது. அங்க இருந்துகிட்டு உனக்கு என்னட்டி?"

படம் எடுப்பவர் முகமூடியிடம் தாடையைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார், அவ்வளவுதான்.

பந்தியில் சாப்பிட்டது சஜனின் கை, நிறைந்தது ஜினியின் வயிறு. இலையை வழித்து எழுந்த பிறகும் அவனுக்குப் பசி அடங்காமல் அடுத்த பந்தியில் முகமூடி இல்லாமல் உட்கார வேண்டியிருந்தது. அயர்லாந்தில், ஜினி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி, நெய் வாசனை எங்கிருந்து வருகிறது என்று கேட்டாளாம். முதல் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில்தான் சத்தியபாய் அட்டைத் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"வயிறு நிறைஞ்சுதா?"

"நிறைஞ்சது அம்மா."

"நாளைக்கு நான் செத்தாலும் இந்த அட்டையத்தான் அனுப்புவியா?"

மருமகன் என்ற முறையில் தன்னிடம் ஒரு சமாதானம் தயாராக இருந்ததாகவும், வாய் தன்னுடையதாக இல்லாததால் சொல்ல முடியவில்லை என்றும் சஜன் பிறகு சொன்னான். கண்குழியிலிருந்து தண்ணீர் இறங்கி, மடிப்பு வழியே ஓடி, தாடையில் சொட்டியது. அங்கே ஒட்டு பிளந்து முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சத்தியபாய் பதறிப்போய் மஞ்சள் முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

"அழாத மக்கா. பசை விட்டுப் போவும்."

"நீங்க போன எடுத்துப் பேசினா நான் எதுக்கு அழுவேன்?"

"இப்ப பேசாமலா நிக்கேன்?" என்றாள் சத்தியபாய். அன்று சாயங்காலம் போனையும் எடுத்தாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஜினி சபை ஆராதனைக்குத் தவறியதில்லை. சஜன் வேட்டியோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்தான். தூறல் விழுந்தால் யாராவது குடையோடு ஓடிவந்தார்கள். பெண்கள் சங்கத்துக்கு ஜினியைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தபோது முகமூடிக்குக் கீழே தாடி தெரிகிறது என்று ஒரு ஆட்சேபம் எழுந்தது. கையெழுத்து ஜினியுடையதாகவே இருந்ததால் ஆட்சேபம் தள்ளுபடியானது. சத்தியபாய் கப்பைக் கிழங்கும் மீன்கறியுமாக முகமூடிக்கு ஊட்டித் தள்ளினாள். சீருடையின் அளவை இரண்டு தடவை மாற்றியாயிற்று, அம்மாவைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள் என்று ஜினி அங்கிருந்து கெஞ்சினாள்.

கடைசியில் லீவு கிடைத்து நேரில் வந்தபோது ஊரில் யாரும் அதிசயமாக விசாரிக்கவில்லை. போன ஞாயிறுதானே பார்த்தார்கள். திரும்பிப் போகும்போது ஜினி கடையிலிருந்து ஒரு கட்டு அட்டை கொண்டுபோனாள். அங்கே ஒரு ஓய்வு நாளில் உட்கார்ந்து சஜனின் முகத்தை மடித்து ஒட்டி, மதியச் சாப்பாட்டுக்கு அதை மாட்டிக்கொள்ள ஆரம்பித்தாள்.

அதனால் இப்போதெல்லாம் மாலை நேரத்தில் சஜன் அச்சுப்பிழை பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாய் எதையோ மென்று அசைபோடத் தொடங்கிவிடுகிறது. வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள். மகள் கல்யாணப் பத்திரிகைக்காக வந்த விஜயதாஸும் அப்படித்தான் காத்திருந்தார்.

"உருளைக்கிழங்கா?"

"ஓ. உருளைக்கிழங்குதான்."

"உப்பு உண்டா?"

"இல்ல."

விஜயதாஸ் வருத்தத்தோடு தலையாட்டிவிட்டு, அவன் விழுங்கி முடித்ததும், மாப்பிள்ளையின் இனிஷியலைத் திருத்தச் சொன்னார்.